சின்ன ரப்பர், பெரிய செலவு

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அது மாருதி 800. மாமாவும் அத்தையும் பெங்களூரில் அல்சூரில் குடியிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து இட்லி, சட்னி, சாம்பார் செய்வார்கள். பாத்திரங்களைக் காரின் டிக்கியில் ஏற்றுவார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டு போய் விற்பார்கள். காலை பத்து மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும்.

அந்தக் கார்தான் அவர்களுக்குக் கடை. கார் நின்றால் கடையும் நின்றுவிடும்.

ஒரு நாள் மாமா காரைக் கழுவிக் கொண்டிருந்தார். முன் சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றினார், போகவில்லை. துணியால் துடைத்தார். கை எல்லாம் பிசுபிசு என்று ஆனது.

எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் குனிந்து பார்த்தார்.

"மாமா, இது கிரீஸ். ஆக்சில் பூட் கிழிஞ்சு போச்சு. உடனே மாத்துங்க" என்றார்.

"வண்டி நல்லா ஓடுதேப்பா! அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் மாமா.

"அடுத்த மாசம் ரப்பரோட போகாது மாமா. முழு ஆக்சிலையே மாத்தணும்" என்றார் அண்ணன்.

ஆக்சில் பூட் என்றால் என்ன? அது கிழிந்தால் ஏன் இவ்வளவு அவசரம்? படித்துப் பார்ப்போம்.

ஆக்சில் பூட் என்றால் என்ன?

காரில் என்ஜின் இருக்கிறது. என்ஜினின் சக்தி கியர் பெட்டிக்குப் போகிறது. கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போக வேண்டும். அதைக் கொண்டு போவது ஓர் இரும்புத் தண்டு. இதைத்தான் ஆக்சில் என்கிறோம்.

அம்பாசடர் காரில் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துச் செல்லும். 2014-இல் அந்தக் காரைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கும் கார்களே.

முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, வண்டியை இழுக்க வேண்டும். இரண்டு, இடமும் வலமும் திரும்ப வேண்டும். பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். நேரான இரும்புத் தண்டு இதற்கெல்லாம் வளைந்து கொடுக்குமா? கொடுக்காது.

நம் கையைப் பாருங்கள். தோளில் ஒரு மூட்டு, முழங்கையில் ஒரு மூட்டு இருக்கிறது. அதனால்தான் கை மடங்குகிறது. ஆக்சிலுக்கும் அப்படியே இரண்டு மூட்டுகள் உண்டு. மூட்டை மெக்கானிக்குகள் ஜாயிண்ட் என்பார்கள்.

கியர் பெட்டிப் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட்.
சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட்.

ஒரு காரில் இடது பக்கம் ஓர் ஆக்சில், வலது பக்கம் ஓர் ஆக்சில். ஆக மொத்தம் நான்கு ஜாயிண்ட்.

வெளி ஜாயிண்டுக்குள் இரும்புக் குண்டுகள் இருக்கும். பெரும்பாலும் ஆறு குண்டுகள். சக்கரம் திரும்பும்போது இந்தக் குண்டுகள் தம் பள்ளங்களில் உருளும். எவ்வளவு திரும்பினாலும் தண்டு ஒரே சீராகச் சுற்றும். ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் 1920-களில் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார். 1959-இல் இங்கிலாந்தில் மினி என்ற சின்னக் கார் வந்தது. அதில் இந்த ஜாயிண்ட் இருந்தது. பிறகு உலகம் முழுவதும் பரவியது.

குண்டுகள் தேயாமல் உருள கிரீஸ் வேண்டும். கிரீஸ் வெளியே போகக் கூடாது. தூசியும் தண்ணீரும் உள்ளே வரக் கூடாது. அதற்காக ஜாயிண்டின் மேல் ஒரு ரப்பர் உறை போடுகிறார்கள். அது ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அதன் இரண்டு வாயையும் இரண்டு கிளிப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த உறைதான் ஆக்சில் பூட்.

பூட் கிழிந்தால் என்ன ஆகும்?

பூட் ரப்பரால் ஆனது. வெயிலிலும் சூட்டிலும் நாளடைவில் காய்ந்து வெடிக்கும். கல் பட்டும் கிழியலாம். கிளிப் தளர்ந்தும் திறந்து கொள்ளலாம்.

சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது அல்லவா? கிழிந்த இடம் வழியாகக் கிரீஸ் வெளியே தெறிக்கும். அந்த வழியாகவே மண்ணும் மழைத் தண்ணீரும் உள்ளே போகும். பெங்களூரில் ரோடு தோண்டாத தெரு ஏது? மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் சாணைக் கல்லில் தேய்ப்பது போல ஆகும். குண்டுகளும் பள்ளங்களும் தேயும்.

அப்போது ஒரு சத்தம் வரும். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வண்டியை நகர்த்தினால் "டக், டக், டக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயன் இல்லை. ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டும்படி விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக்சில் பூட்டுக்கு அது மிகவும் பொருந்தும்.

மாமாவின் காரில் சத்தம் வரவில்லை. சரியான நேரத்தில் பார்த்துவிட்டார்கள்.

மாமா வாங்கி வந்த பொட்டலம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலை செய்வது என்று முடிவானது. மெக்கானிக் அண்ணன் உடன் இருந்து சொல்லித் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மாமா பஸ் ஏறினார். டவுன் ஹாலில் இறங்கி ஜே.சி. ரோட்டுக்குப் போனார். அங்கே வரிசையாக மோட்டார் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் "மாருதி ஆக்சில் பூட்" என்று கேட்டார். கடைப் பையன் கன்னடத்தில் ஏதோ கேட்டான். கடையில் ஒரே கூட்டம். மாமாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். ஒரு பொட்டலம் வந்தது. காசு கொடுத்து வாங்கி வந்தார்.

பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மாமா பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். பொட்டலத்தை என்னிடம் காட்டவும் இல்லை.

முதலில் உயிர், பிறகு வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். உடனே கீழே படுத்து உள்ளே போகப் பார்த்தார்.

"மாமா! வெளியே வாங்க!" என்று மெக்கானிக் அண்ணன் கத்தினார். நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம்.

"ஜாக்கி தூக்கத்தான். தாங்க இல்லை. ஜாக்கி நழுவினா வண்டி நெஞ்சு மேல உக்காரும்" என்றார்.

அவர் சொன்ன விதிகளை நான் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

1. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். சரிவிலும் மண் தரையிலும் கூடாது.
2. கை பிரேக் போட வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.
3. ஜாக்கியால் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார வேண்டும்.
4. செங்கல், ஹாலோ பிளாக் கல் வைக்கக் கூடாது. அவை பாரத்தில் நொறுங்கிவிடும்.
5. ஸ்டாண்டு வைத்தபின் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால்தான் வேலை தொடங்க வேண்டும்.
6. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

ஸ்டாண்டு இல்லையா? வேலையை அன்று செய்ய வேண்டாம். ஸ்டாண்டு கிடைக்கும் நாளில் செய்யலாம்.

கழற்றும் முறை

காருக்குக் கார் சிறிது மாறும். அந்தக் காரின் பழுது பார்க்கும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவான முறை இது.

முதல் வேலை, நடு நட்டைத் தளர்த்துவது. சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். அது ஆக்சிலைப் பிடித்திருக்கும். சில வண்டிகளில் அதற்குக் காட்டர் பின் இருக்கும். சிலவற்றில் நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருப்பார்கள். பின்னை எடுக்க வேண்டும் அல்லது மடிப்பை நிமிர்த்த வேண்டும். இந்த நட் மிகவும் இறுக்கமாக இருக்கும். ஆகவே வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தை பிரேக்கை மிதித்தார். சக்கர நட்டுகளையும் அப்போதே சிறிது தளர்த்த வேண்டும்.

பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

அடுத்து, கியர் ஆயிலை ஒரு தட்டில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சிலை இழுக்கும்போது ஆயில் கொட்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

சக்கரத்தைத் தாங்கும் பகுதியைக் கீழே ஒரு பால் ஜாயிண்ட் பிடித்திருக்கும். அதன் போல்ட்டைக் கழற்றிப் பிரித்தால் அந்தப் பகுதி வெளிப்பக்கம் நகரும். அப்போது ஆக்சிலின் வெளி முனையைத் தள்ளி எடுக்கலாம். வரவில்லை என்றால் சுத்தியால் நேராக அடிக்கக் கூடாது, மரை கெட்டுவிடும். மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கியர் பெட்டிப் பக்கத்தைக் கடப்பாரை போன்ற சிறு கம்பியால் நெம்பினால் ஆக்சில் வெளியே வரும். அங்கே உள்ள ஆயில் சீல் கிழியாமல் நெம்ப வேண்டும்.

பொருந்தாத பூட்

ஆக்சிலைச் சாக்கின் மேல் வைத்தார்கள். கிழிந்தது வெளி ஜாயிண்டின் பூட். அண்ணன் பழைய கிளிப்பையும் பூட்டையும் வெட்டி எடுத்தார். மாமா புதுப் பொட்டலத்தைப் பிரித்தார். புதுப் பூட்டை வைத்துப் பார்த்தார்கள்.

வாய் பொருந்தவில்லை.

நான் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் "இன்னர்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. உள் ஜாயிண்டின் பூட்! நமக்கு வேண்டியது "அவுட்டர்". பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அன்று மாமா கேட்ட கடை திறந்திருக்கவில்லை. வேலை நின்றது. திங்கட்கிழமைக்கு அத்தை இரண்டு பாத்திரம் மாவு அரைத்து வைத்திருந்தார். திங்கள் காலை ஆட்டோ பிடித்து இட்லியைக் கொண்டு போனார். வந்த லாபம் ஆட்டோ வாடகைக்கே போனது.

அன்று மதியம் மாமாவும் நானும் மறுபடி ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். இந்த முறை பழைய பூட்டையும் கையோடு எடுத்துப் போனோம். பஸ்ஸில் மாமா மெதுவாகச் சொன்னார்:

"பொட்டலத்தை உன்கிட்டக் காட்டணும்னுதான் நெனச்சேம்மா. படிக்கத் தெரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது. வாரம் மூன்று நாள் நான் எழுத்து வகுப்பு நடத்துகிறேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிறேன். என் மாமாவை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

மாட்டும் முறை

சரியான பூட் கிடைத்தது. அந்தப் பொட்டலத்தில் பூட், இரண்டு கிளிப், கிரீஸ் பாக்கெட் இருந்தன.

முதலில் ஜாயிண்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய கிரீஸை முழுவதும் துடைக்க வேண்டும். கழுவ நேர்ந்தால் நன்றாக உலர விட வேண்டும். அருகில் பீடி, அடுப்பு கூடாது. பிறகு குண்டுகளையும் பள்ளங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தாலோ, துரு அரித்திருந்தாலோ, அந்த ஜாயிண்ட் உதவாது.

பூட்டைத் தண்டில் நுழைக்க ஜாயிண்டைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் வெளி ஜாயிண்ட் கழலாது. அப்போது உள் ஜாயிண்டைக் கழற்றி, அந்தப் பக்கமாகவே வெளிப் பூட்டை நுழைக்க வேண்டும். கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று பெயிண்டால் அடையாளம் வைக்க வேண்டும்.

இனி வரிசை தவறக் கூடாது.

1. தண்டின் பற்களின் மேல் டேப் சுற்ற வேண்டும். பற்கள் புது ரப்பரைக் கிழிக்காது.
2. முதலில் சின்னக் கிளிப். அடுத்து பூட்டின் சின்ன வாய். கிளிப்பை மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.
3. டேப்பை எடுத்துவிட்டு, ஜாயிண்டை மாட்ட வேண்டும். அதைப் பிடிக்கும் லாக் வளையம் புதிதாக இருந்தால் நல்லது.
4. பொட்டலத்தில் வந்த கிரீஸ் முழுவதையும் போட வேண்டும். பாதியை ஜாயிண்டுக்குள் அழுத்த வேண்டும். மீதியைப் பூட்டுக்குள் விட வேண்டும். வேறு சாதாரண கிரீஸ் போடக் கூடாது.
5. பூட்டின் வாயைத் தண்டின் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். பூட் முறுக்கிக்கொள்ளக் கூடாது.
6. உள்ளே அடைந்த காற்றை வெளியே விட வேண்டும். முனை மழுங்கிய திருப்புளியை வாயில் சிறிது நுழைத்தால் காற்று போகும்.
7. கிளிப்புகளை இறுக்க வேண்டும். கம்பியால் கட்டக் கூடாது. கம்பி ரப்பரை அறுத்துவிடும்.

பிளந்த பூட் என்று ஒன்றும் கடையில் கிடைக்கும். அதை ஆக்சிலைக் கழற்றாமலே சுற்றி ஒட்டலாம். ஆனால் ஒட்டு விட்டுவிட்டால் பழைய கதைதான். அவசரத்துக்கு மட்டும் அது உதவும்.

பிறகு ஆக்சிலைக் கியர் பெட்டியில் நுழைக்க வேண்டும். நன்றாக உட்கார்ந்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். கழற்றியதை எல்லாம் பின்னிருந்து முன்னாக மாட்ட வேண்டும். புதுக் காட்டர் பின் போட வேண்டும். கியர் ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்ற வேண்டும்.

நடு நட்டை எவ்வளவு இறுக்குவது? கைக்கணக்கு போதாது. புத்தகத்தில் அளவு இருக்கும். டார்க் ரெஞ்ச் என்ற அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நட்டை இறுக்காமல் வண்டியை உருட்டவே கூடாது. சக்கரத்தின் பேரிங் கெட்டுவிடும்.

கடைசியில் மாமா வண்டியை எடுத்தார். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டினார். பிறகு வலது பக்கம். நாங்கள் காது கொடுத்துக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை டிக்கியில் இட்லிப் பாத்திரம் ஏறியது.

நான்கு சொற்கள்

அந்த வாரம் மாமா எங்கள் வகுப்புக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "எனக்கு முதல்ல நாலு சொல் போதும்மா" என்றார். கரும்பலகையில் எழுதினேன்.

உள். வெளி. இடது. வலது.

பக்கத்தில் ஆங்கிலத்தில் இன்னர், அவுட்டர், லெஃப்ட், ரைட் என்றும் எழுதினேன். சில பொட்டலங்களில் இடதுக்கு எல்.எச்., வலதுக்கு ஆர்.எச். என்று மட்டும் போட்டிருக்கும். காரில் இடது, வலது என்பது ஓட்டுபவர் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும்போது உள்ள பக்கம். வண்டிக்கு எதிரே நின்று பார்த்தால் மாறிவிடும்.

வகுப்பில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "எங்க ஆட்டோவிலயும் பின் சக்கரத்துக்குப் போற தண்டுல ரப்பர் மூடி இருக்கு. நாளைக்கே பாக்குறேன்" என்றார். அடுத்த வகுப்பில் அவரும் மாமாவும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

நினைவில் வைப்போம்

* வண்டி கழுவும்போதெல்லாம் பூட்டைப் பார்ப்போம்.
* கிரீஸ் தெறித்திருந்தால் தள்ளிப் போட மாட்டோம்.
* ஸ்டாண்டு இல்லாமல் வண்டியின் கீழே போக மாட்டோம்.
* கடைக்குப் பழைய பொருளையும் கொண்டு போவோம்.
* படிக்கத் தெரியாததைக் கேட்க வெட்கப்பட மாட்டோம்.

பயிற்சி

அ. சரியான சொல்லை எழுதுங்கள்.
1. சக்கரத்தின் பக்கம் இருப்பது ______ ஜாயிண்ட். (உள் / வெளி)
2. வண்டியைத் தாங்க வேண்டியது ______. (ஜாக்கி / ஸ்டாண்டு)
3. தண்டில் முதலில் நுழைக்க வேண்டியது சின்ன ______. (கிளிப் / பூட்)

ஆ. விடை எழுதுங்கள்.
1. பூட் கிழிந்தால் உள்ளே போவது என்ன? வெளியே வருவது என்ன?
2. "டக், டக்" என்ற சத்தம் எதைக் காட்டுகிறது?
3. மாமா வாங்கிய பூட் ஏன் பொருந்தவில்லை?

இ. கணக்குப் போடுங்கள்.
ஒரு மீட்டர் நீளமான ஸ்பேனரின் முனையில் 10 கிலோ பாரம் இழுத்தால், இறுக்கம் 10 கிலோகிராம் மீட்டர். அரை மீட்டர் ஸ்பேனரில் அதே இறுக்கம் வர எத்தனை கிலோ பாரம் வேண்டும்?
ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். 15 கிலோகிராம் மீட்டர் என்பது ஏறக்குறைய எத்தனை நியூட்டன் மீட்டர்?

ஈ. கூடிப் பேசுங்கள்.
உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர் யார்? அவரை வகுப்புக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள்?